வீரசிங்கம் மண்டபம்: ஊர் கூடிய ஒரு கட்டடத்தின் கதை

யாழ்ப்பாண நகருக்கு இன்று முதன்முறையாக வருகின்ற ஒருவரின் கண்ணில் முதலிற் படுவன இரண்டு கட்டடங்கள். ஒன்று பொது நூலகத்தின் வெள்ளைக் கட்டடம். மற்றது அதற்கு அருகே பதினொரு மாடிகளுடன் எழுந்து நிற்கும் பண்பாட்டு மையம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இவ்விரண்டின் முன்பாகவும் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் முற்றவெளியின் ஓரத்தில் வயதேறிய ஒரு மண்டபம் நிற்கின்றது. அதன் முன்னால் எவரும் நின்று படம் பிடித்து நான் கண்டதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தின் கடந்த அரை நூற்றாண்டுக் கதையை ஒரே கட்டடத்தின் வழியாகச் சொல்லும்படி என்னை யாராவது கேட்டால் நான் அந்த மண்டபத்தைத்தான் காட்டுவேன்.

அதன் பெயர் வீரசிங்கம் மண்டபம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் நிருபர், மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்தின் செய்தியை எழுதிக்கொண்டிருந்தபோது தலையை நிமிர்த்தி, "அண்ணை, உந்த வீரசிங்கம் எந்தக் காலத்து அரசன்?" என்று கேட்டார். சங்கிலியன், பண்டாரவன்னியன், எல்லாளன் என்று பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. வீரமும் சிங்கமும் சேர்ந்து ஒரு பெயர் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு வாள் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. அவர் அரசனல்லர், பள்ளிக்கூட அதிபர் என்று நான் சொன்னபோது அவருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்ததென்றே நினைக்கின்றேன்.

வி. வீரசிங்கம் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டைத் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்டு நாடாளுமன்றம் சென்றார். அன்று அவரிடம் தோற்றவர்களுள் அ. அமிர்தலிங்கமும் ஒருவர். தமிழரசுக் கட்சியின் இளைஞராக முதன்முறை களமிறங்கிய அமிர்தலிங்கம், 1956இல் அதே தொகுதியில் வென்று நீண்ட அரசியற் பயணத்தைத் தொடங்கினார். வீரசிங்கத்தின் நாடாளுமன்ற வாழ்வு ஒரு தவணையுடன் முடிந்துபோயிற்று. ஆயினும் அவருடைய பெயரை நிலைக்கச் செய்தது நாடாளுமன்றக் கதிரையன்று. வடபகுதியின் கூட்டுறவு இயக்கத்தைக் கட்டி வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அவர். அந்த இயக்கத்தார் தாம் எழுப்பிய மண்டபத்துக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள்.

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டதும் இன்றைய வாசகர்களுக்குச் சங்கக்கடையும் கூப்பன் அரிசியும் நினைவுக்கு வரலாம். அக்காலத்தில் அதனை 'ஐக்கியம்' என்பார்கள். ஐக்கிய நாணய சங்கம், ஐக்கிய பண்டகசாலை என்றுதான் பழைய பெயர்ப்பலகைகளில் எழுதியிருக்கும். வட்டிக்குப் பணம் கொடுப்பவரின் பிடியிலிருந்து கமக்காரன் வெளியே வருவதற்கு அது ஒரு வழியாக அமைந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலையை மலையாளத்துக்கு அனுப்பி விற்பதற்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. 1930களில் மூளாயில் உறுப்பினர்களின் பணத்தைக் கொண்டு ஒரு கூட்டுறவு வைத்தியசாலையையே அமைத்தார்கள். அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திராமல், கைக்கு எட்டியதைச் சேர்த்து ஒரு பொதுக் காரியத்தைச் செய்துவிடுவது அந்தத் தலைமுறையின் இயல்பாக இருந்தது. என் தந்தையார் எங்கள் ஊர்ச் சங்கத்தில் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தவர். நகருக்கு என்னைக் கூட்டிச்சென்ற நாட்களில் அந்த மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம், "இது எங்கட கட்டடம்" என்று ஒரு முறை சொல்லாமல் அவர் அப்பாற் போனதில்லை. ஏதோ எங்கள் வீட்டு மாட்டுத்தொழுவத்தைக் காட்டுவதுபோற் காட்டுவார்.

'எங்கட' என்ற அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்குவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. யாழ்ப்பாணத்தில் அந்நாட்களில் மண்டபங்களுக்குக் குறைவிருக்கவில்லை. மாநகர சபைக்கு நகர மண்டபம் இருந்தது. திறந்தவெளி அரங்கு இருந்தது. பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் மண்டபம் இருந்தது. கோயில்களின் வீதிகள் இருந்தன. ஆனால் கல்லூரி மண்டபத்தைத் தருவதா இல்லையா என்பதைக் கல்லூரிதான் தீர்மானிக்கும். மாநகர சபையின் அரங்கைத் திறப்பதா இல்லையா என்பதை மாநகர சபைதான் தீர்மானிக்கும். அரசியற் காற்று எந்தப் பக்கம் வீசுகின்றதோ அந்தப் பக்கம் சாவி திரும்பும். ஊராரின் சங்கங்களுக்குச் சொந்தமான ஒரு மண்டபம் இருந்தால் அந்தச் சாவியை யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

கோயில் வீதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் இசையும் கூத்தும் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அளவெட்டி தட்சணாமூர்த்தியின் தவிலுக்கும் என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கும் திருவிழா இரவுகளே அரங்கு. விடியும்வரை மணலிலிருந்து கேட்ட சனங்கள் தலையாட்டிய தலையாட்டலே அங்கு விமர்சனம். ஆனால் அந்த மணலில் யார் எதுவரை வரலாம் என்பதற்கு எழுதாத சட்டங்களும் இருந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த மண் இது. கதிரைகள் வரிசையாகப் போடப்பட்ட ஒரு மண்டபத்தில், கையில் ரிக்கற் வைத்திருப்பவர் எந்தக் கதிரையிலும் உட்காரலாம் என்பது ஒரு சாதாரண விடயமாகத் தோன்றலாம். அது சாதாரண விடயமாக இல்லாதிருந்த ஒரு காலம் இருந்தது. பணமில்லாதவர் பின்வரிசையில் இருந்தார், அல்லது வெளியே நின்று ஒலிபெருக்கியிற் கேட்டார் என்பதும் உண்மையே. ஆயினும் 'நீ எந்தப் பகுதி?' என்று வாசலில் எவரும் கேட்கவில்லை.

மண்டபத்தின் பெயர் உலகத் தமிழர் நடுவே பரவியது 1974 ஜனவரியில். நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு அம்மாதம் 3ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தொடங்கிற்று. வண. பிதா தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1964இல் புதுடில்லியில் உருவாக்கப்பட்ட தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரிலும் 1968இல் சென்னையிலும் 1970இல் பாரிசிலும் மாநாடுகளை நடத்தியிருந்தது. அடுத்தது இலங்கையில் என்று முடிவானதும், கொழும்பிலா யாழ்ப்பாணத்திலா என்ற விவாதம் எழுந்தது. அரசாங்கம் கொழும்பையே விரும்பியது. மாநாட்டுக் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு முற்றி, ஈற்றில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் யாழ்ப்பாணத்தில் நடத்துவது என்று தீர்மானமாயிற்று. வெளிநாட்டு அறிஞர்கள் சிலருக்கு விசா மறுக்கப்பட்டது. அரசாங்கத்தின் ஆதரவின்றி நடந்த மாநாட்டுக்கு நடுநாயகமாக அமைந்தது சங்கங்களின் மண்டபமான வீரசிங்கம் மண்டபம்.

அந்த வாரத்தில் யாழ்ப்பாணம் எப்படியிருந்தது என்பதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். எனக்கு அப்போது ஆறு வயது. வீதிக்கு வீதி தோரணம் கட்டினார்களாம். ஊருக்கு ஊர் போட்டியிட்டு அலங்கார ஊர்திகளைச் செய்தார்களாம். ஆய்வுக் கட்டுரை என்றால் என்னவென்று அறியாத கமக்காரர்களும் கடற்றொழிலாளர்களும் குடும்பத்துடன் நகருக்கு வந்து, மண்டபத்துக்குள் நடப்பது தங்களுடைய காரியந்தான் என்ற பெருமையுடன் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம். தமிழ் பற்றி எங்கெங்கோ தேசங்களிலிருந்து வந்தவர்கள் பேசுகிறார்கள் என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

ஆய்வரங்குகள் முடிந்தபின் 10ஆம் திகதி மாலை பொதுமக்களுக்கான கூட்டம் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. அதனைத் திறந்தவெளி அரங்கில் நடத்துவதாகவே ஏற்பாடு. ஆனால் மக்கள் வந்து சேர்ந்தபோது அரங்கின் வாயில் பூட்டியிருந்தது. கூட்டம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்புறத்துக்கு மாற்றப்பட்டது. மண்டபத்துக்குள் கொள்ளாத பல்லாயிரம் மக்கள் முற்றவெளியிலும் வீதியிலும் அமர்ந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் நைனா முகமது பேசிக்கொண்டிருந்த வேளையில் பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்தனர். கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன, துப்பாக்கிகள் வெடித்தன, மின்கம்பி அறுந்து சனங்கள் மீது விழுந்தது. அன்றிரவு போன உயிர்கள் 9.

பின்னர் முன்னாள் நீதியரசர்கள் ஓ. எல். டி கிரெட்சர், வி. மாணிக்கவாசகர் ஆகியோரும் பேராயர் சபாபதி குலேந்திரனும் கொண்ட குழுவொன்று விசாரணை நடத்தியது. அது அரசாங்கம் நியமித்த குழுவன்று. ஊரார் வேண்ட அமைந்த குழு. பொலிஸாரின் நடத்தையே அந்த அவலத்துக்குக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. இலங்கைத் தமிழர் அரசியலின் திருப்பங்களை எழுதுகின்ற எவரும் அந்த இரவைத் தாண்டிச் செல்வதில்லை. அன்று கூட்டத்திலிருந்த இளைஞர்களுட் பலர் அதன்பின் பழைய வழிகளில் நம்பிக்கை வைக்கவில்லை.

என் தந்தையாரும் அன்று அங்கிருந்தார். தம்முடைய சைக்கிளை முற்றவெளியில் விட்டுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தவர். மறுநாள் அதனை எடுக்கச் சென்றபோது, மண்டபத்தின் முன்னால் சோடி பிரிந்த செருப்புகள் கிடந்த கிடையைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. செருப்புகளைப் பற்றியே பேசினார். திறந்தவெளி அரங்கு பூட்டியிருந்ததை நினைவூட்டி, "எங்கட கதவு திறந்துதான் இருந்தது" என்று ஒருமுறை சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது மண்டபத்துக்கு ஒரு நற்சான்றிதழ்.

இத்தனை துயரத்தைச் சுமந்த ஒரு மண்டபத்தைப் பற்றி 'இனிய நினைவுகள்' என்று எழுதுவது பொருந்துமா என்று நானே என்னைக் கேட்டதுண்டு. ஆனால் துயரத்துக்குப் பின்பும் ஊர் அந்த மண்டபத்தைக் கைவிடவில்லை என்பதே உண்மை. மண்டபத்தின் அருகில் நினைவுத்தூபி எழுந்தது. ஆண்டுதோறும் ஜனவரி 10இல் மக்கள் வந்து விளக்கேற்றினர். அதே மண்டபத்தின் உள்ளே மற்றைய நாட்களிற் சலங்கை ஒலித்தது.

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த 1980களின் முற்பகுதியே எனக்கு மண்டபத்துடன் நேரடியாகப் பழக்கம் ஏற்பட்ட காலம். வார இறுதியானால் ஏதாவது ஒன்று இருக்கும். நடன அரங்கேற்றம், மிருதங்க அரங்கேற்றம், பாடசாலைக் கலைவிழா, நூல் வெளியீடு, பட்டிமன்றம், நினைவுப் பேருரை, மெல்லிசைக் குழுக்களின் இசை நிகழ்ச்சி என்று எதற்கும் அந்த மேடை இடம் கொடுத்தது. நடன அரங்கேற்றம் என்றால் இணுவில் வீரமணி ஐயரின் உருப்படி ஒன்றாவது இருந்தே தீரும். மயிலைக் கற்பகவல்லியைப் பாடி, ரி. எம். சௌந்தரராஜனின் குரலில் தமிழுலகம் எங்கும் புகழ்பெற்ற அவரை, நாங்கள் பக்கத்து ஊர் ஆசிரியராகவே அறிந்திருந்தோம். நிகழ்ச்சிகள் ஆறு மணி என்று போட்டு ஆறரைக்குத் தொடங்கும். கடைசி பஸ் போவதற்கு முன் முடித்தாக வேண்டும் என்பதால் மங்களம் எப்போதும் அவசர மங்களந்தான். பிரதம விருந்தினர் நீட்டி முழக்கினால் பின்வரிசையில் செருப்புத் தேடும் சத்தம் கேட்கும். அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் பிற்காலத்தில் எந்தப் பத்திரிகையிலும் எழுதியதில்லை.

மண்டபத்தைக் குறை சொல்லாத கலைஞர் இல்லை. மின்விசிறிகளின் இரைச்சல் தம்புராவின் சுருதியுடன் போட்டியிடும். அவற்றை நிறுத்தினால் பாடகர் வியர்வையிற் குளிப்பார். ஒலிபெருக்கிக்காரர் மிருதங்கத்தின் முன்னால் மைக்கை வைத்துவிட்டு வெளியே கச்சான் வாங்கப் போய்விடுவார். இவ்வளவுக்கும் நடுவில், சில மாலைகளில், கச்சேரி சூடுபிடித்துப் பாட்டு மேலெழும்பும் ஒரு கணம் வரும். மின்விசிறியும் காதில் விழாது; பஸ்சும் நினைவுக்கு வராது. அந்தக் கணங்களுக்காகவே மழையிலும் சைக்கிள் மிதித்து வந்தோம்.

நாடகத்துக்கு அது பொற்காலம். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தின் மேடை வேறொன்றாக மாறியது. ஏ. தாசீசியஸின் 'பொறுத்தது போதும்', சி. மௌனகுருவின் 'சங்காரம்' போன்ற நாடகங்கள் அதுவரை சரித்திர வசனங்களுக்கும் சமூகச் சிரிப்புகளுக்கும் கைதட்டிப் பழகிய எங்களை நிமிர்ந்து உட்காரச் செய்தன. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' கோயில் வீதிகளிலும் மண்டபங்களிலும் ஒருசேர ஆண்ட காலமும் அதுவே. ஒரே மேடைப் பண்பாட்டில் ஹார்மோனியத்துடன் பாடும் அரிச்சந்திரனும், உடலாலும் மௌனத்தாலும் பேசும் புதிய நடிகரும் அடுத்தடுத்து வந்துபோனார்கள். இரண்டுக்கும் சென்றவர்கள் ஒரே சனங்கள். இதனை எங்கள் பல்கலைக்கழக வகுப்பறைகளில் மரபும் நவீனமும் என்று பிரித்துப் படித்தபோது, மண்டபத்தில் அந்தப் பிரிவினை எனக்குத் தென்படவில்லையே என்று எண்ணியதுண்டு.

பின்னர் காலம் கறுத்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் தீக்கிரையாயிற்று. மண்டபத்துக்கு எட்டிய தூரத்தில் ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. 1983க்குப் பின் இரவு நிகழ்ச்சி என்பதே அரிதாயிற்று. ஆறு மணி நிகழ்ச்சி மூன்று மணிக்கு வந்தது. மாலை வெயில் சாய்வதற்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது கலைஞருக்கும் இரசிகருக்கும் பொதுவான தாளமாயிற்று. 1985இல் சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகச் சென்றது. சனங்கள் மண்டபத்துக்கு வர முடியாதபோது நாடகம் சனங்களிடம் போயிற்று.

கோட்டைக்குள் இராணுவம் இருந்ததால் அதனைச் சூழ்ந்த நகரப் பகுதி முழுவதும் போர்முனையானது. 1990இல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த கோட்டை முற்றுகையின்போது எறிகணைகளும் குண்டுகளும் அந்தச் சுற்றாடலை உருக்குலைத்தன. நகர மண்டபம் இருந்த இடம் தெரியாமற் போனது. வீரசிங்கம் மண்டபமும் காயங்களிலிருந்து தப்பவில்லை, ஆயினும் நின்றது. அதன்பின் 1995வரை யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அக்காலத்தில் எங்கள் கலை வாழ்வு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கிலும் நல்லூரைச் சூழ்ந்த சிறிய இடங்களிலும் நடந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, இலட்சக்கணக்கானவர்களுடன் நானும் செம்மணி வழியே சாவகச்சேரிக்கு நடந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் எடுத்த பையினுள், தந்தையார் சேர்த்து வைத்திருந்த பழைய நிகழ்ச்சி அழைப்பிதழ்கள் இருக்கவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் அவை மட்டுமல்ல, அலுமாரியே இருக்கவில்லை.

இதனைச் சொந்தக் கதையாக நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இசை வரலாறோ நாடக வரலாறோ எழுத முயல்கின்ற எவரும் எதிர்கொள்ளும் இடர் இதுவே. பத்திரிகைச் சேகரிப்புகள் நூலகத்துடன் எரிந்தன. வீடுகளில் இருந்த அழைப்பிதழ்களும் படங்களும் ஒலிநாடாக்களும் இடப்பெயர்வுகளில் அழிந்தன. எந்த ஆண்டு, எந்த நாள், யார் பாடினார், யார் பக்கவாத்தியம் என்று கேட்டால் பெரும்பாலும் ஞாபகமே ஆவணம். ஞாபகக்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மண்டபம் மீண்டும் உயிர்பெற்றது. திருத்தப்பட்டு, கதிரைகள் போடப்பட்டு, மறுபடியும் விளக்குகள் எரிந்தன. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. தெற்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் சனங்கள் வரத் தொடங்கினர். அக்காலத்தில் செய்தி சேகரிக்க நான் அந்த மண்டபத்துக்குச் செல்லாத வாரம் குறைவு. ஒரு மாலை, பல ஆண்டுகளுக்குப்பின் இரவு எட்டு மணி தாண்டியும் நீண்ட ஒரு கச்சேரியில், எனக்கு முன்வரிசையிலிருந்த ஒரு முதியவர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரடங்கு நினைப்பு என்று புரிந்தது. பக்கத்திலிருந்த அவருடைய மனைவியார் மெதுவாக, "இப்ப பயமில்லையப்பா, இருங்கோ" என்றார். அந்த நிம்மதி ஐந்து ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. மாலைகள் மீண்டும் குறுகின.

2009க்குப் பின் மாலைகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் சனங்களின் மாலைகள் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. குளிரூட்டிய கல்யாண மண்டபங்கள் நகரைச் சுற்றி முளைத்தன. அரங்கேற்றங்களுட் பல அங்கு சென்றன. இசை நிகழ்ச்சி என்றால் பெருந்திரையும் புகையும் வண்ண ஒளியும் வேண்டும் என்றாயிற்று. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சி நடந்தபோது கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு புகுந்தது, நிகழ்ச்சி இடையில் நின்று மீண்டும் தொடங்கிற்று, சிலர் காயமடைந்தனர். அதற்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்னர்தான், ஜனவரி 10இல், அதே முற்றவெளியின் ஓரத்தில், 1974இல் இறந்தவர்களுக்கு ஐம்பதாவது ஆண்டு விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. இளைஞர்களை நான் பழிக்கவில்லை. கூடுவதற்கு ஏங்கும் ஒரு தலைமுறை அது. எப்படிக் கூடுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடங்கள்தாம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவின் நன்கொடையாக அமைந்த பண்பாட்டு மையத்துக்கு 2015 மார்ச் மாதத்தில் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். 2022 மார்ச்சில் காணொளி மூலம் திறந்து வைக்கப்பட்டு, 2023 பெப்ரவரி 11இல் மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் திருவள்ளுவரின் பெயரைப் பெற்றது. 600 பேர் அமரக்கூடிய அதன் அரங்கு அழகானது. ஒலியும் ஒளியும் எங்கள் கலைஞர்கள் என்றோ பெற்றிருக்க வேண்டியவை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் கட்டடம் எழுந்ததிலிருந்தே, அதனை யார் நிர்வகிப்பது, பராமரிப்புச் செலவை மாநகர சபையால் தாங்க முடியுமா என்ற விவாதம் தொடர்ந்தது. பெயரிடும் விடயத்திலும் ஊரைக் கேட்டார்களா என்ற கேள்வி எழுந்தது. கொடையாக வந்த வீட்டில் சாவி யார் கையில் என்பது எப்போதும் ஒரு கேள்விதான். மூத்த மண்டபத்தில் அந்தக் கேள்வி எழுந்ததில்லை.

ஆகவே பழையதை இடித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்வோம் என்றும், புதியது வேண்டாம் பழையதே போதும் என்றும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய அரங்கு பெரிய நிகழ்ச்சிகளுக்கு இருக்கட்டும். ஒரு கிராமத்துச் சங்கீத ஆசிரியை தம் மாணவிகளை முதன்முறை மேடையேற்றுவதற்கும், கையிற் காசில்லாத ஒரு நாடகக் குழு மூன்று காட்சிகளை நடத்துவதற்கும், அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காத ஒரு நூலை ஒருவர் வெளியிடுவதற்கும் சிறிய கட்டணத்தில், நீண்ட விண்ணப்பங்கள் இல்லாமல் கிடைக்கும் ஒரு மேடை நகரின் நடுவே இருக்க வேண்டும். சங்கங்களின் உறுப்பினர்கள் அன்று சேர்த்த பணத்துக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

இன்னொன்றும் செய்யலாம். மண்டபத்தின் வாசலில் ஒரு சிறிய அறையை ஒதுக்கி, அங்கு நடந்த நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ்கள், படங்கள், துண்டுப்பிரசுரங்கள் ஆகியவற்றைச் சேர்க்கலாம். கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உள்ள வீடுகளின் பெட்டிகளுக்குள் இன்னமும் எத்தனையோ இருக்கும். தன் அரங்கேற்றப் படத்தை யாழ்ப்பாணத்திலிருந்து சுமந்து சென்ற பெண் அதனை எறிந்திருக்க மாட்டாள். அவற்றின் பிரதிகள் திரும்பி வந்தால், எரிந்துபோன பக்கங்களுட் சிலவற்றையாவது மீண்டும் எழுதிவிடலாம். வாசலில் வீரசிங்கம் அவர்களின் படத்தையும், அவர் யார் என்று நான்கு வரியையும் வைத்துவிட்டால் அடுத்த இளம் நிருபர் அவரை அரசன் என்று எண்ணமாட்டார். ஒரு பள்ளிக்கூட அதிபரின் பெயரில் ஊர் ஒரு மண்டபத்தை எழுப்பியது என்பதை அறிந்தால், அரசன் இல்லையே என்ற ஏமாற்றமும் அவருக்கு வராதென்று நம்புகின்றேன்.